ஒபதியாவைத் தேடி வந்தார்கள்

டேமர் முனை,
தென் கரோலினா.
1962 பிப்ரவரி 18, ஞாயிறு.

அன்புத் தம்பி மின்னோவுக்கு,

உன் அண்ணன் கூட்டர் எழுதுவது. நாங்கள் இங்கே நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் ஃபிலடெல்ஃபியாவில் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

மேலே உள்ள முதல் வரியை மறுபடி ஒரு தடவை படித்துப் பார். கூட்டர் எழுதுவது. ஆமாம், நானே எழுதுகிறேன். சர்ச் முடிந்து வந்ததும் உட்கார்ந்தேன். இதுவரை எழுதியதற்குள் உன் அண்ணி மூன்று முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறாள். பகல் வெளிச்சத்தில் நான் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

இத்தனை வருஷமும் உனக்கு வந்த கடிதங்களைக் கடைக்காரர் மகள்தான் எழுதினாள். நல்ல பெண். ஆனால் நான் மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் அவள் "இங்கு எல்லோரும் நலம், மழை நன்றாகப் பெய்தது" என்று முடித்துவிடுவாள். முன்வருஷம் வீசிய புயலில் நம் படகு சர்ச் வாசலில் போய் உட்கார்ந்ததை முழுசாகச் சொன்னேன். அது உனக்கு வந்து சேர்ந்ததா? சேர்ந்திருக்காது. அதைத் தனியாக எழுதுகிறேன். இனி என் பேச்சை யாரும் அளந்து கொடுக்க வேண்டாம்.

டிசம்பரிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் கடையின் பின்னறையில் பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிறது. ரோசெட்டா என்று ஒரு பெண் சொல்லிக்கொடுக்கிறாள். பகலில் சிப்பித் தொழிற்சாலையில் சிப்பி உடைக்கிறாள், மாலையில் எங்கள் மண்டையை உடைக்கிறாள். ஜன்னலுக்குச் சாக்குத் துணி தொங்கவிட்டிருக்கிறோம். நாம் கறுப்பர்கள் படிப்பது பிடிக்காத வெள்ளைக்காரர்கள் ரோட்டில் போகும்போது பார்த்தால் அரிசி மூட்டை அடுக்குகிறோம் என்று சொல்ல ஏற்பாடு.

முதல் வாரம் என் கையில் பென்சில் முறிந்துகொண்டே இருந்தது. சிப்பிக் கத்தியைப் பிடித்த கை அது. ரோசெட்டா பக்கத்தில் வந்து, "மாமா, கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க. அது ஒண்ணும் ஓடிப்போகாது" என்றாள். பக்கத்து வீட்டுப் பின்டர் சும்மா இருப்பானா? என்னைவிட ஒரு வாரம் முன்னால் சேர்ந்துவிட்டதால் அவனுக்குப் பெரிய படிப்பாளி என்ற நினைப்பு. "கூட்டர்னா ஆமை. சரியாத்தான் இவனுக்குப் பேர் வெச்சாங்க. இவன் ஒரு கடுதாசி எழுதி முடிக்கிறதுக்குள்ள மின்னோவுக்குப் பேரனே பொறந்துடுவான்" என்கிறான். அவன் இன்னும் எட்டைப் படுக்கப் போட்டுத்தான் எழுதுகிறான் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எதற்கு இந்த வயதில் என்று கேட்பாய். ஓட்டுப் பதிய வேண்டும் என்றால் அரசியல் சட்டத்தில் ஒரு பத்தியைப் படித்துக் காட்ட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். பெயருக்குப் பதிலாகப் போடும் பெருக்கல் குறி செல்லாது. அதற்குத்தான் சேர்ந்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், மின்னோ, இப்போது எனக்கு ஓட்டே மறந்துவிட்டது. மாவுப் பையைப் படிக்கிறேன். மண்ணெண்ணெய் டப்பாவைப் படிக்கிறேன். சுவரில் குளிருக்காக நாம் ஒட்டிய பழைய செய்தித்தாள்கள் இருக்கின்றன அல்லவா, அதில் என் தலைமாட்டில் இருப்பது இடுப்பு வலி மருந்து விளம்பரம். நாற்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே இடுப்பு வலியோடு படுத்திருக்கிறேன்.

வீட்டுச் செய்தி. பன்றி ஏழு குட்டி போட்டது, ஆறு பிழைத்தது. ஓடைப் பக்கம் கூரையை மாற்றிவிட்டேன். போன மாதம் யாரோ அளக்கிறவர்கள் வந்து நம் வெண்டைக்காய்ப் பாத்தி வழியாகச் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள். ரோடு வருகிறதோ என்னவோ. உன் அண்ணி அவற்றில் நாலைந்தைப் பிடுங்கிக் காராமணிக்குக் கொம்பாக நட்டுவிட்டாள். நல்ல மரம் என்கிறாள்.

அடுத்த வாரம் எங்களுக்கு எங்கள் காகிதப் பெயரை எழுதக் கற்றுக்கொடுக்கப் போகிறாள் ரோசெட்டா. ஓட்டுக்குக் கூட்டர் என்ற வீட்டுப் பெயர் செல்லாதாம். அதற்காகச் சர்ச்சின் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்க்கப் போயிருக்கிறாள். அந்தப் பெயரை நான் கடைசியாகக் கேட்டது பன்னிரண்டு வயதில், இடுப்பளவு தண்ணீரில். பாஸ்டர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் என்னை முக்கிவிட்டார், காதில் தண்ணீர்தான் போயிற்று. உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வடக்கே உன்னை எல்லோரும் காகிதப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

பதில் போடு. பெரிய எழுத்தாக எழுது.

உன் அண்ணன்,
கூட்டர்


டேமர் முனை.
1962 ஏப்ரல் 1, ஞாயிறு.

அன்புத் தம்பி மின்னோவுக்கு,

உன் கடிதம் வந்தது. நானே பிரித்தேன், நானே படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று, இருந்தாலும் நானே படித்தேன். உன் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை உன் அண்ணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி படிக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை இன்னும் வேகமாகப் படித்தேன்.

கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்ததற்கு இப்போது பதில் சொல்கிறேன். மாநில அரசாங்கத்திலிருந்து தொப்பி வைத்த ஒரு கனவான் உன் வீட்டுக்கு வந்தார், மரியாதையாகப் பேசினார், காப்பி குடித்தார், டேமர் முனை நிலத்தில் உன் பங்குக்கு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார் என்று எழுதியிருக்கிறாய். மற்ற எல்லோரும் போட்டுவிட்டார்கள், நீ ஒருவன்தான் பாக்கி என்றாராம்.

இங்கே யாரும் போடவில்லை, தம்பி. எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். இதை எப்படி எழுதினாலும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

ரோசெட்டா சர்ச் புத்தகத்தில் என் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். ஒபதியா மஸீக். பலகையில் பெரிதாக எழுதிக் காட்டினாள். எனக்கு இப்படி ஒரு பெயர் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை, மின்னோ. ஒரு தீர்க்கதரிசியின் பெயர். அன்றைக்கு நோட்டு நிறைய எழுதினேன். வீட்டுக்கு வந்து பன்றிப் பட்டியின் கதவில் கரியால் எழுதினேன். படகில் எழுதினேன். உன் அண்ணி, "அப்படியே என் நெத்தியிலயும் எழுதிடுங்க, யாராவது தூக்கிட்டுப் போயிடப்போறாங்க" என்றாள்.

மறுநாள் ஓடையில் வலை வீசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒபதியா மஸீக். அப்போதுதான் கை நின்றுவிட்டது. அந்தப் பெயரை நான் கேட்டிருக்கிறேன். தண்ணீரில் இல்லை. போன அக்டோபரில், கரையில்.

மடவை மீன் கூட்டம் கூட்டமாக இறங்கிய வாரம் அது. நானும் பின்டரும் கரையில் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஷெரீப்பின் ஆள் ஒருவன் கையில் கட்டுக் காகிதத்தோடு மணலில் கால் புதையப் புதைய வந்தான். வந்தவன், "ஏய் பெருசு, ஒபதியா மஸீக்னு ஒருத்தன், அவன் வீடு எது?" என்று என்னைத்தான் கேட்டான்.

நம் ஜனங்கள் எப்படி என்று உனக்குத் தெரியும். ஷெரீப் ஆள் வந்து ஒருவனைக் கேட்டால், அவன் நம் மடியில் உட்கார்ந்திருந்தாலும் தெரியாது என்போம். ஆனால் அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்தேன். மஸீக் என்றால் இங்கே பாதிப் பேர் மஸீக். ஒபதியா யார்? "அப்படி யாரும் இங்க இல்லீங்கய்யா" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நான் பொறந்ததே இங்கதான். இருந்தா எனக்குத் தெரியாதா?"

பின்டர் தன் பங்குக்கு, "பழைய ஆளா இருக்கும், செத்திருப்பாரு. கல்லறைப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்க" என்றான். அந்த ஆளே சிரித்துவிட்டான். இன்னும் எட்டுப் பெயர்கள் படித்தான். தெயோப்பிலு என்றான், யெமிமா என்றான். ஒன்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. இவ்வளவு தூரம் வீணாக அலைந்தானே என்று நான் இரண்டு மடவை மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன். சுற்றியது அவன் கொண்டு வந்த காகிதத்தில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இதை ரோசெட்டாவிடம் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னையும் பின்டரையும் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் ஒரு பெரிய அறிவிப்பு ஒட்டியிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். டேமர் முனை முழுவதும் பொதுப் பூங்காவுக்காக எடுக்கப்படுகிறது. நிலத்தின் சொந்தக்காரர்கள் என்று கீழே பெயர்கள். முதல் பெயர் என்னுடையது. பக்கத்தில் போட்டிருந்தது: தேடியும் காணப்படவில்லை. செய்தித்தாளிலும் மூன்று வாரம் போட்டார்களாம். நம் வீடுகளில் செய்தித்தாள் வருவது சுவரில் ஒட்ட.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவிடம், "ஐயா, காணாமப் போனவன் வந்திருக்கேன், எழுதிக்கோங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் ஒபதியான்னு யார் சொல்றா?"

"நான்தான் சொல்றேன்."

கதவோரம் சாய்ந்து நிலக்கடலை கொறித்துக்கொண்டிருந்தவன் சிரித்தான். பார்த்தால் அதே ஆள். "இந்தக் கிழவனா? இவன்தானே சார் அப்படி ஒருத்தன் இல்லவே இல்லைன்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணினான்! மீன் வேற குடுத்தான்!" என்றான். ஆபீஸே சிரித்தது. பின்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க அவன் பட்ட பாட்டை நான் பார்த்தேன். எனக்கு மட்டும் வரவில்லை.

அந்தப் பூங்காவைப் பற்றியும் கேட்டேன். கடற்கரையில் குளிக்க இடம், உடை மாற்ற அறைகள், உட்கார்ந்து சாப்பிட மேஜைகள் எல்லாம் வருமாம். நல்லது ஐயா, நாங்களும் வந்து குளிக்கலாமா என்றேன். அது உங்கள் ஜனங்களுக்கு இல்லை என்றார். பொதுப் பூங்கா என்று சுவரில் எழுதியிருக்கிறதே என்றேன். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

தாத்தா அந்த முனையை வாங்கிய கதை உனக்குத் தெரியும். அப்பாவை அங்கேதான் புதைத்தோம். நான் அதையெல்லாம் எழுதி உன்னை அழவைக்கப் போவதில்லை. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தத் தொப்பிக்காரர் கொடுத்த தாளில் கையெழுத்துப் போடாதே. மறுபடி வந்தால் காப்பி கொடு, கையெழுத்துக் கொடுக்காதே. என் அண்ணன் காணாமல் போகவில்லை, அவனிடம் போய்க் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பு. சார்ல்ஸ்டனில் நம் ஜனங்களில் ஒரு வக்கீல் இருக்கிறாராம், ரோசெட்டா அவருக்கு எழுதியிருக்கிறாள்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு வரி போடு. "சரி அண்ணா" என்றால்கூடப் போதும், நான் படித்துக்கொள்வேன்.

உன் அண்ணன்,
ஒபதியா மஸீக் என்கிற கூட்டர்


டேமர் முனை.
1962 மே 20, ஞாயிறு.

அன்புத் தம்பி யாபேஸுக்கு,

உனக்கு வேலை அதிகமாக இருக்கும். கப்பல் துறையில் கோடையில் இரட்டை முறை வேலை இருக்கும் என்று முன்பு நீ சொன்னது ஞாபகம். அதனால் பதில் வரவில்லை என்று வருத்தப்படவில்லை. தபால்காரரைத் தினம் கேட்டுத் தொந்தரவு செய்ததும் உண்மைதான். இப்போது அவர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார்.

வக்கீல் வந்தார். பெயர் ஃபெல்டர், சின்ன வயது, ஒல்லியான டை. அவருடைய கார் மணலில் புதைந்துபோய் அரை நாள் நாங்கள் தள்ளினோம். அதனால் எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. அவர் கோர்ட்டில் நம் வழக்குக் காகிதங்களை வாங்கிப் பார்த்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அதில் ஒரு தாளைப் புரட்டினார், சட்டென்று அடுத்த தாளுக்குப் போகப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உன் கையெழுத்து அழகாக இருந்தது, மின்னோ. யாபேஸ் மஸீக் என்று உன் காகிதப் பெயரைச் சாய்த்து, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து. யாரும் சொல்லித்தராமல் நானே படித்தேன்.

தேதியையும் படித்தேன். என் இரண்டாவது கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் போட்டிருக்கிறாய். அதில் எனக்கு ஒரு நிம்மதி. எல்லோரும் போட்டுவிட்டார்கள் என்று அவர் சொன்னதை நீ நம்பினாய். கல்லூரிக்கு வருஷத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று ரோசெட்டா எனக்குச் சொன்னாள். படிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. அதனால் அந்தப் பேச்சு இதோடு முடிந்தது. உன் அண்ணியிடமும் முடிந்துவிட்டது. அவள் முதல் நாள் கொஞ்சம் பேசினாள். அதை நான் எழுதப் போவதில்லை, எனக்கு அவ்வளவு எழுத்து இன்னும் வராது.

இனி நல்ல செய்தி. போன புதன்கிழமை ஜெப வீட்டில் வக்கீல் எல்லோரையும் கூட்டி, ஒவ்வொருவரும் எழுந்து நின்று இரண்டு பெயரையும் சொல்ல வேண்டும் என்றார். அன்றைக்கு நீ இருந்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறவர்கள் புதிதாக அறிமுகமானோம். அந்தத் தெயோப்பிலு யார் தெரியுமா? பின்டர்! அவன் மனைவி எழுந்து நின்று, "இத்தனை வருஷமா நான் சோறு போட்டது பின்டருக்கு. இந்தத் தெயோப்பிலு யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா வரட்டும், வந்து விறகு வெட்டட்டும். பின்டர்தான் வெட்டவே மாட்டேங்கறாரு" என்றாள். பின்டர் விடவில்லை. "நீ மட்டும் என்ன? யெமிமாவாம்! மொத நாளே சொல்லியிருந்தா நான் ஓடியே போயிருப்பேன்" என்றான். சிரித்துச் சிரித்துக் கூட்டமே கொஞ்ச நேரம் நின்றுபோயிற்று. அப்புறம் பாஸ்டர், ஷெரீப் ஆள் படித்த அதே வரிசையில் பெயர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள். முதல் பெயர் என்னுடையது என்பதால் நான் முதலில் சொன்னேன். ஒரு தடவை போதவில்லை என்று தோன்றியது. மறுபடி சொன்னேன்.

வழக்கு ஜூன் 5 செவ்வாய்க்கிழமை. காணவில்லை என்று எழுதியது தப்பு என்று காட்டினால், எடுத்தது செல்லாது, முதலிலிருந்து எங்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்கிறார் வக்கீல். கேட்டால் என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் முதல் பெயர் என்னுடையது. நான்தான் ஒபதியா என்பது நிற்காவிட்டால் மற்றதும் நிற்காது. சர்ச் புத்தகம் ஒபதியா என்று ஒருவன் இருந்தான் என்று சொல்கிறது. அவன்தான் நான் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னால், அவர்களுக்கும் இதில் நிலம் இருக்கிறது, ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லிக்கொள்கிறார்கள் என்று அரசாங்க வக்கீல் தள்ளிவிடுவாராம். நான் பிறந்தபோது இருந்தவர்கள் எல்லோரும் மண்ணுக்குள் இருக்கிறார்கள். மிச்சம் நீதான்.

உன்னையும் தள்ளிவிடுவார்களே என்று நான் கேட்டேன். அதற்கு வக்கீல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தள்ள முடியாது மாமா. அவர் கையெழுத்துப் போட்டவர், பணம் வாங்கப்போறவர். அவரே வந்து இவர்தான் எங்க அண்ணன் ஒபதியா, இவர் எங்கயும் போகலைன்னு சொன்னா, அதுல நஷ்டம் அவருக்குத்தான். தன் கையால நஷ்டப்படுறவன் சொல்றதை எந்த ஜட்ஜும் பொய்னு சொல்ல முடியாது. அவர் கையெழுத்துப் போடாம இருந்திருந்தாக்கூட இவ்வளவு பலம் இருந்திருக்காது."

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீல் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தம்பி, இந்த டேமர் முனையில் யாரிடமும் இல்லாத ஒன்று இப்போது உன்னிடம் இருக்கிறது. அந்தத் தொப்பிக்காரர் உன் வீட்டுப் படியேறி வந்து, காப்பி குடித்து, தன் பேனாவாலேயே நமக்கு ஒரு சாட்சியைத் தயார் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது அவருக்குத் தெரியாது. உனக்கும் இதைப் படிக்கிற வரைக்கும் தெரியாது.

உன் மகளின் படிப்பை நான் மறக்கவில்லை. பணம் போனால் போகட்டும் என்று சுலபமாக உன்னிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சிப்பி சீசன் செப்டம்பரில் ஆரம்பிக்கிறது. என் கை இன்னும் ஓடுகிறது. பின்டரும் தானாகவே வந்து, "நம்ம பொண்ணு காலேஜுக்குப் போறா, அவ பீஸுக்கு நான் ஒரு வலை கூடப் போடுறேன்" என்றான். அவள் எந்த ஊர் என்று யாராவது கேட்டால் சொல்ல ஓர் ஊர் இருக்கட்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

ஜூன் முப்பதுக்குள் காலி செய்ய வேண்டும் என்று வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு நேராகப் போய்ச் சர்க்கரைவள்ளிக்கொடி நட்டேன். போன வருஷத்தைவிட நாலு வரிசை கூட. அது அக்டோபரில்தான் விளையும். பின்டர் சமையலறைக்குப் புதிதாக ஒரு ஜன்னல் வைக்கிறான். ஜெப வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். உன் அண்ணி மிச்சம் இருந்த குச்சிகளையும் பிடுங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை மாலை வரும் பஸ்ஸில் வந்தால் சரியாக இருக்கும். அதற்கு முந்தைய பஸ்ஸுக்கும் அதற்கு முந்தையதற்கும்கூடப் பின்டர் தன் லாரியோடு கூட்டுரோட்டில் நிற்பான். நான் சொன்னேன் என்று இல்லை, அவனாகவே நிற்பதாகச் சொல்கிறான். கோர்ட்டில் நீ நிறையப் பேச வேண்டாம். இது யார் என்று கேட்பார்கள், நான் யார் என்று சொல். அவ்வளவுதான். அன்று இரவு நம் வீட்டில் சிவப்பு அரிசிச் சோறும் இறாலும். பாயைப் போன வாரமே வெயிலில் காயப்போட்டாயிற்று.

நீ வந்தாலும் வராவிட்டாலும் பட்டியலில் உள்ள நாங்கள் ஒன்பது பேரும் அன்று காலை கோர்ட்டுக்குப் போகிறோம். இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. வந்தால் எங்களை எங்கே தேடுவது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. முன்பெல்லாம் வாஷிங்டன் தாண்டியதும் நம்மைப் பஸ்ஸின் பின்பக்கம் போகச் சொல்வார்கள். இப்போது அப்படிச் சொல்லக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாம், ரோசெட்டா செய்தித்தாளில் காட்டினாள், நானும் படித்துச் சரிபார்த்தேன். நீ ஏறும்போது எந்த இடத்தில் உட்கார்ந்தாயோ அதே இடத்தில் உட்கார்ந்து வா. யாராவது எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்காதே.

ஆண்டவர் உன் பக்கத்து இருக்கையில் நல்ல மனிதர் ஒருவரை உட்காரவைக்கட்டும். உன் பயணத்தில் மழை இல்லாமல் இருக்கட்டும். உன்னையும் உன் பிள்ளைகளையும், அவர்கள் வந்து இறங்கப்போகிற இந்த மண்ணையும் அவர் தன் கையில் வைத்திருக்கட்டும்.

உன் அண்ணன்,
ஒபதியா மஸீக்,
டேமர் முனையில் குடியிருப்பவன்.